கடல் தெரியாத வீடு

மத்ராவில் வீடு பார்த்தோம்.
கடல் தெரிந்தால் நாற்பது ரியால் கூடுதல்
என்றார் தரகர் முராத்.
தெரியாததையே எடுத்தோம்.
ஜன்னலைத் திறந்தால் மலை,
கை நீட்டினால் சுடும் தூரத்தில்.

"ஷார்ஜாவை விட்டு இதுக்கா வந்தோம்?"
பெட்டியைப் பிரிக்காமலே கேட்டாள் சுகிர்தா.

மூன்றாம் நாள்
குப்பை போடப் போனவள்
அரைமணி கழித்து வந்தாள்.
மறுநாள், பாதிகூட நிறையாத பைக்கு
முடிச்சுப் போட்டாள்.
பெட்டிகள் எப்போது காலியாயின,
நான் கவனிக்கவில்லை.

இன்று நான் போனேன்.
நடைவழிக் கோடியில், குப்பைக்குழாய்க்கு மேலே
ஒரு சின்னக் கண்ணாடி.
அதற்குள் துறைமுகம் முழுதும்:
விளக்கேற்றிய கப்பல், வளைந்த கரை,
இருட்டிலும் வெள்ளையாய் வீடுகள்.

ஏற்கெனவே நின்றிருந்த எகிப்துக்காரர்
கொஞ்சம் நகர்ந்து இடம் தந்தார்.
அவர் பையில்
ஒரே ஒரு வாழைப்பழத்தோல்.