முதல் பக்கம்

கோணத்தில் மீனவர் கூட்டுறவு இணையம்
(அந்த இணையம் வேறு),
மாடி அறை, ராத்திரி ஒன்பதரை.
சர்வரும் நானும்
பாதி தீர்ந்த ஏத்தங்கா சிப்ஸும்.

புகார் இதுதான்:
ஆபீஸ் தேடலில் ‘காணவில்லை’ என்று அடித்தால்
முதலில் வருவது
தொலைந்த அடையாள அட்டைக்கான படிவம்.
அடுத்தது, ஸ்டோர் ரூம் சாவி பற்றிய சுற்றறிக்கை.
கடலில் போனவர்களின் கோப்பு நாலாம் பக்கத்தில்.
நாலாம் பக்கம் வரை யார் போகிறார்கள்?

அதைக் குறை சொல்ல முடியாது.
எண்ணத் தெரியும் அதற்கு.
சாவியைத் தேடியவர்கள்தான் அதிகம்.

ஸ்கிரிப்ட் எழுதுகிறேன்.
வள்ளம், போட், விசைப்படகு, கட்டுமரம்
எல்லாம் ஒரே சொல் என்று கொள்க.
குளச்சல் கிளையிலிருந்து வெனிஸ்லா போனில்:
“கட்டுமரத்த எடுத்திருங்க அக்கா,
அதுல போனவங்க தனிக் கணக்கு.”
எடுத்தேன்.
“கச்சான்னு போடுங்க. மேல்காத்துன்னு
எங்க ஊர்ல யாரும் எழுத மாட்டாவ.”
போட்டேன்.
நாற்பத்திரண்டாம் வரியில் ஒரு அடைப்புக்குறி விட்டுப்போய்
திரை முழுக்கச் சிவப்பு.

தலைப்புக்கு மூன்று பங்கு மதிப்பு.
‘புதியதே மேலே’ என்ற பழைய விதியை
அழித்தேன்.

செய்யாமலே,
செய்தால் என்ன ஆகும் என்று மட்டும் சொல்லும்
சுவிட்ச் ஒன்று உண்டு.
1,316 ஆவணங்கள் இடம் மாறும் என்றது.
சுவிட்சை நீக்கி என்டர் தட்டினேன்.

அறுபது சதவீதத்தில் கரண்ட் போனது.
யுபிஎஸ் கத்திக் கத்தி இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தது.

“இப்ப தேடிப் பாரு.”

அடிக்கும் சத்தம் கேட்டது.
பிறகு கேட்கவில்லை.
“ஒண்ணும் வரேல்லியே அக்கா.”

என் திரையில் முதல் வரி:
ததேயுஸ், வயது 27, இனயம்.
அப்பா பெயர் அவளுடைய அப்பா பெயர்.

கிளை எழுத்தர்களுக்கு அந்த அடுக்கில் அனுமதி இல்லை.
பூட்டியிருக்கிறது என்று காட்டாது இந்தத் தேடல்.
இல்லை என்றே காட்டும்.
திறக்க ஒரு வரி போதும்,
மேலாளர் கையெழுத்தோடு.
மேலாளர் திங்கட்கிழமைதான் வருவார்.

வரியை அடித்தேன், சுவிட்சோடு.
ஒருவர் சேர்க்கப்படுவார் என்றது.

“அக்கா, லைன்ல இருக்கீங்களா?”

இருக்கேன் என்றேன்.
கர்சர் சுவிட்சுக்குப் பின்னால் நின்று
அடித்துக்கொண்டிருந்தது.