வரவு செலவு

பாயியா பிளாங்காவில் ஜூலைக் காற்று
ஜன்னல் ரப்பரைப் பிடித்து உலுக்குகிறது.
நாலாம் மாடி, ஏழாம் கட்டில்,
மாலென் கிலப்பான், மூன்று வயது,
பதினாலு கிலோ நானூறு.
அதில் ஒரு கிலோ அவளுடையதல்ல.
வெளியேற வழி தெரியாமல்
கண்ணிமையிலும் கணுக்காலிலும்
தங்கிவிட்ட தண்ணீர்.

நர்ஸ் நொயெமி தாளின் நடுவில் கோடு கிழித்திருக்கிறாள்.
இடப்பக்கம் வரவு:
மருந்தோடு ஐந்து மில்லி.
தாகம் தாகம் என்று அழுதபோது கொடுத்த
ஐஸ் சில்லுக்கு
அதன் அளவில் பாதி.
வலப்பக்கம் செலவு:
ஒன்பது நாளாகப் பூஜ்யம்.
பூஜ்யத்துக்கும் கையெழுத்து உண்டு.

வயிற்றுக் குழாயில் விட்டு வடிக்கும் திரவம்
தனிப் பக்கம்.
அது கடன்.

ஹீட்டர் ஓரம் அப்பன் ரெய்னால்டோ.
துறைமுகத்தில் கோதுமை ஏற்றுபவன்,
சட்டைப்பையின் மூலையில் இன்னும் நாலு மணி.
தினமும் இந்த நேரத்துக்குச் சொல்வான்:
"நான்தான் சுட்டேன்.
கொத்துக்கறி நடுவில் சிவப்பாகத்தான் இருந்தது.
இன்னொன்று கேட்டாள்."

அதனால் இல்லை என்று
நொயெமி சொல்லவில்லை.
அதனாலாகவும் இருக்கலாம்.
"கையைக் கழுவிட்டு வாங்க,
பக்கம் மாத்திப் படுக்க வைக்கணும்,
குதிகால் சிவந்திருக்கு" என்றாள்.
முழங்கைவரை கழுவிவிட்டு வந்தான்,
ஏதோ ஆபரேஷனுக்கு நிற்பவன் போல.

காய்ந்த டயப்பர் முப்பத்தொரு கிராம்.
மூன்று மணிக்கொருமுறை கழற்றி,
தராசில் வைத்து,
முப்பத்தொன்றைக் கழித்து,
மிச்சமில்லாத மிச்சத்தை எழுதுவதுதான்
இந்த ஒன்பது இரவும்.

நாலு பத்துக்கு
நாற்பத்திரண்டு.

தராசை அணைத்துப் போட்டாள்.
நாற்பத்திரண்டு.
பேதியாக இருக்குமோ என்று
விளக்கடியில் விரித்துப் பார்த்தாள்.
இல்லை.
ஆறிப்போன டீயின் நிறத்தில்
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை,
ஓரம் இன்னும் இளஞ்சூடு.

சிறு நீர்.
பெயர் வைத்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

வலப்பக்கத்தில் பதினொன்று என்று எழுதியபோது
ஒன்றுகள் இரண்டும்
கோட்டைத் தாண்டிக் கோணலாக விழுந்தன.
டாக்டருக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை.
பிள்ளை வாயைத் திறந்தபடி தூங்கினாள்.
குதிகால் இன்னும் சிவப்புதான்.

"என்ன?" என்று எழுந்தான் ரெய்னால்டோ.
"ஒண்ணுக்குப் போயிருக்கா."

பத்துப் பேர் தூக்கும் மூட்டையை
ஒருத்தனாய்த் தூக்குகிற தோள்.
தொண்டையைச் செருமிக்கொண்டு,
குப்பையில் போடுமுன்
ஒருதரம் கையில் வாங்கிப் பார்க்கலாமா
என்று கேட்டான்.

"கையுறை போட்டுக்கங்க" என்றாள்.