இரண்டே முக்கால் கிலோ

தோட்டியோட்டில் என் பட்டறை.
மோதி நசுங்கிய கார்களைத்
தட்டி, இழுத்து, பூசி
மோதாத கார்களாக்குவது வேலை.
பெயிண்ட் காய்ந்தபின்
எந்தப் பக்கம் இடித்ததென்று
உடையவனுக்கே மறந்துபோகும்.
எனக்கு மறப்பதில்லை.
பின்சீட்டைக் கழற்றும்போது கிடைப்பதை
ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கிறேன்:
கொலுசின் திருகாணி,
பால்புட்டியின் ரப்பர்,
யாரும் தேடி வராத ஒற்றைச் சாக்ஸ்,
என் கட்டைவிரல் நீளம்.

அதனால்தான்
"மடியைவிடவா ஒரு சீட்டு?" என்று
கொழுந்தியாள் ஷெர்லின் சிரித்தபோது
நான் சிரிக்கவில்லை.
நாற்பதில் போகிற வண்டி
சட்டென்று நின்றால்
எவ்வளவு பிரியமான கையும் விட்டுவிடும்.
அதை நான் சொல்லவில்லை.
பக்கத்தில் ரெஜிலா,
எட்டாம் மாதம்,
உப்புத் தொட்டு நெல்லிக்காய் தின்றுகொண்டிருந்தாள்.

மஸ்கட்டிலிருந்து வந்த ஆன்றோ அத்தான்
தன் மகன் இருந்த சீட்டைத் தூக்கி வந்தார்,
துவைத்து, வெயிலில் காயவைத்து.
"வண்டி எங்கயாவது முட்டிச்சா அத்தான்?"
"லேசா ஒருக்கா. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல்ல."
தகரம் அடிபட்டால் காட்டிக்கொடுக்கும்.
பிளாஸ்டிக் முகம் மாறாது.
அடியில் அச்சிட்ட கெடு
போன வருடமே முடிந்திருந்தது.
நன்றி சொல்லி வாங்கி,
பட்டறைக்குக் கொண்டுபோய்
வார்களை அறுத்தேன்,
இன்னொருவர் எடுத்து மாட்டிவிடாதிருக்க.
அத்தான் இன்னும் பேசுவதில்லை.

இரண்டே முக்கால் கிலோ இருக்கும் என்றது ஸ்கேன்.
வடசேரிச் சந்தையில்
மரச்சீனிக்காரரிடம் அதையே கேட்டேன்.
ஒற்றைக் கிழங்கு. ஒடிக்கக் கூடாது.
"ஒடிக்காம எப்பிடிடே கணக்கு வரும்?"
மூன்றாவது குவியலில் வந்தது.
தோர்த்தில் சுற்றினேன்.

செட்டிகுளத்துக் கடையில்
பையன் முதலில் நிறம் காட்டினான்.
கப் வைக்க இடம், இத்தாலித் துணி,
பதினெட்டாயிரம் ரூபாய்.
கிழங்கைக் கிடத்திப் பார்த்தேன்.
தோளுக்குக் கீழிருந்து வரவேண்டிய வார்
காது இருக்கும் இடத்திலிருந்து வந்தது.
"வளந்தா சரியாயிரும் அண்ணா."
"முதல்ல பிறக்கட்டும் தம்பி."

மூலையில் ஒன்று, பழுப்பு நிறம்,
பாதி விலை.
வார் தோளுக்குச் சற்றுத் தாழ்ந்து புறப்பட்டது.
இறுக்கிக் கிள்ளினேன்,
விரலிடையில் மடிப்பு நிற்கவில்லை.
காரின் பின்சீட்டில்
பின்கண்ணாடியைப் பார்க்க வைத்து,
முழங்காலால் அழுத்தி பெல்ட் பூட்டி
ஆன மட்டும் ஆட்டினேன்.
கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலை ஆடியது,
கார் ஆடியது,
சீட்டு ஒரு விரற்கடை நகரவில்லை.
பக்கவாட்டில் ரசமட்டம்போல் ஒரு குமிழி.
அதைக் கோட்டுக்குள் கொண்டுவர
அரை மணிநேரம்.
அதிகம் நிமிர்ந்தால்
தலை முன்னால் விழுந்து
மூச்சு மடங்கிவிடும்.
பையன் குனிந்து பார்த்துக் கேட்டான்:
"கிழங்குக்கு வசதியா இருக்கா அண்ணா?"

அன்று ராத்திரி அதை அவித்தோம்,
சாளைக் கறியோடு.
"பரீட்சை பாஸான கிழங்கு,
மாவாட்டம் வெந்திருக்கு," என்றாள் ரெஜிலா.

பிறந்தது இரண்டு கிலோ நானூற்றைம்பது.
கிழங்கைவிட முந்நூறு கிராம் குறைவு.
ஆசுபத்திரி வாசலில்
வாரை ஒரு துளை கீழிறக்கினேன்.
பத்து டன் லாரியின் சேஸிஸைப் பிடித்த கை
அந்தச் சின்னக் கொக்கியில் வழுக்கியது.
போர்வை வாருக்கு மேலேதான்,
உள்ளே அல்ல என்று
நர்ஸிடமும் சொன்னேன், அவள் கேட்காமலே.

பார்வதிபுரம் பாலம், களியங்காடு, சுங்கான்கடை.
கேரளத்துக்குப் பாறை ஏற்றிய லாரிகள்
ஒன்றன்பின் ஒன்றாய் முந்திப் போயின.
பட்டறை வந்தது.
வாசலில் முன்பாதி இல்லாத ஸ்விஃப்ட்,
நேற்று இழுத்து வந்தது.
நான் திரும்பவில்லை.
பின்னோக்கி இருப்பவள்
கண் திறந்திருந்தால்
கடந்தபின் பார்த்திருப்பாள்.

"தூங்குதா?"
"தூங்குது. நீங்க ரோட்டைப் பாருங்க."

பின்னால் யாரோ விடாமல் ஹாரன் அடித்தார்கள்.
வில்லுக்குறி வரை
நான் முப்பதுக்கு மேல் போகவில்லை.