கவிழ்த்து வைத்த வாளி

மூன்று நாள், லேசர்க் கருவியை முக்காலியில் ஏற்றி
சீனன்குடா மாவாலையை அளந்தோம்.
சல்லடைகள், உருளைகள்,
கோதுமையைக் காற்றோடு மேலே உறிஞ்சும் குழாய்கள்,
எல்லாம் புள்ளிகளாய் வந்து விழுந்தன.
நாற்பது கோடிப் புள்ளிகள்.
மிதந்த மாவுத்தூசியும் புள்ளியாய் விழுந்திருந்தது.
அதைத் துடைக்கவே ஓர் இரவு போயிற்று.

கணினிக்குள் இப்போது இன்னொரு ஆலை.
வியர்வை இல்லை, காதடைக்கும் இரைச்சல் இல்லை.
வரப்போகும் குழாய் பழைய உத்தரத்தில் இடித்தால்
அந்த இடம் சிவக்கும்.
இரும்பு வாங்கு முன்னரே
காயமில்லாமல் முட்டிக்கொள்ளலாம்.
முதல் நாளே நூற்றுப் பதினேழு சிவப்பு.
கொழும்பிலிருந்து விக்கிரமசூரிய எழுதினார்:
"மிச்சக் குப்பையையும் அழித்துவிடு."

அழித்துக்கொண்டே வந்தேன்.
ஒரு துடைப்பம். தேநீர்க் கோப்பை.
படியில் படுத்திருந்த பூனையில் பாதி;
மற்றப் பாதி ஓடிவிட்டிருந்தது.
மூன்றாம் மாடியில்,
கோதுமை நனைக்கும் நீர் வால்வுக்குக் கீழே
கவிழ்த்து வைத்த ஒரு வாளி.

எந்த வரைபடத்திலும் அது இல்லை.
எதிலும் முட்டவில்லை, சிவக்கவுமில்லை.
அழிக்க விரல் வைத்தபோதுதான் பார்த்தேன்:
அதன் அடிப்பக்கம் குழிந்திருந்தது,
இரண்டு பாதம் அளவுக்கு.

தொலைபேசியில் மசூதா சிரித்தாள்.
கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வருபவள்.
"அது என்ட வாளிதான் சேர். வால்வு எட்டாதே.
ஒரு ஷிப்ட்டுக்கு எட்டுத்தரம் ஏறுவன்.
ரெண்டுதரம் விழுந்தும் இருக்கன்.
எழுதிக் குடுக்கல்ல."

கைப்பிடி, தரையிலிருந்து ஆறடி ஐந்தங்குலம்.
வரைந்தவன் உயரமானவனாய் இருந்திருப்பான்.
அல்லது
உட்கார்ந்தே வரைந்திருப்பான், என்னைப்போல.

மென்பொருளில் 'ஆள்' என்றொரு பொருள் உண்டு.
சாம்பல் நிறம், முகமில்லை, ஐந்தடி பத்து.
இழுத்துவந்து வால்வின் கீழ் நிறுத்தினேன்.
சுலபமாய் எட்டினான்.
அவனைச் சுருக்கினேன், நாலடி பதினொன்றுக்கு.
கையைத் தூக்கவைத்தேன்.
அந்த மூலை சிவந்தது.
நூற்றுப் பதினெட்டு.

பட்டியல் கொழும்புக்குப் போயிற்று.
உடனே கேள்வி வந்தது:
"கடைசி முட்டல் என்ன? குழாயா, உத்தரமா?"
"உயரம்" என்று எழுதினேன்.
அதற்கு இன்னும் பதில் இல்லை.
ஜன்னலுக்கு வெளியே கோதுமைக் கப்பல்
இறங்கு துறையில் மெல்ல இலேசாகிக்கொண்டிருக்கிறது.

வாளியை அழிக்கவில்லை.
மாதிரியில் இருக்கும் எதற்கும் ஒரு இலக்கம் வேண்டும்; கொடுத்தேன்.
பொருள்: பிளாஸ்டிக். நிறம்: நீலம்.
தாங்கும் எடை: தெரியாது.
அகற்றும் நாள் என்ற கட்டத்தில்
நிரப்பச் சொல்லி மின்னிக்கொண்டே இருக்கிறது
ஒரு கோடு.