அடுத்த அதிகாரம்

கொறங்காட்டில் மூன்றாவது போர்.
எருமை விற்ற பணம்
எழுநூறாவது அடியில் தீர்ந்தது.
அதற்குக் கீழே எல்லாம் கடன்.
ஆயிரத்து நூற்றிருபதில்
ரிக்காரர் கையை விரித்தார்.
கிளுவை வேலி வரைக்கும்
வெள்ளைப் புழுதி.

தாராபுரத்துச் சபையில்
எலியா என்றால் கர்மேல்தான்.
அக்கினி இறங்கும், மைக் அலறும்,
அப்புறம் உள்ளங்கை அளவு மேகம்.
நானும் அப்படியே கேட்டுப் பழகியவன்.
முழங்கால்களுக்கிடையே முகத்தைப் புதைத்து,
ஏழு தரம் எழுந்துபோய் மேற்கே பார்த்தேன்.
ஏழு தரமும் காற்றாலை.

இன்றைக்கு வெள்வேல மரத்தடியில்
அடுத்த அதிகாரத்து எலியா
ஞாபகம் வந்தார்.
ஜெயித்த கையோடு ஓடிப்போய்
சூரைச்செடிக்கடியில் ஒண்டி,
போதும் என்றவர்.
அதை யாரும் சாட்சியாகச் சொல்லிக் கேட்டதில்லை.
ஸ்தோத்திரம் இல்லை,
ஒரு ஆமென்கூட இல்லை.

சொல்லிப் பார்த்தேன்.
போதுஞ்சாமி.
புழுதியோடு வாய்க்குள் நறநறத்தது.
அப்படியே தூங்கிப்போனேன்.

யாரோ தோளைத் தட்டினார்கள்.
ரிக் வண்டியில் பைப் மாட்டுகிற
சத்தீஸ்கர் பையன். பேர் தெரியாது.
மூன்று கல் அடுப்பில் சுட்ட ரொட்டி,
சொம்பில் லாரி டேங்க் தண்ணீர்.
"அண்ணா, எந்திரிங்க, சாப்டுங்க."
அவனுக்குத் தெரிந்ததே
நாலு தமிழ் வார்த்தை.
மூன்று செலவாகிவிட்டது.

தின்றேன். திரும்பப் படுத்தேன்.

விடியும் முன்னே மறுபடி தட்டினான்.
வெள்ளகோவிலில் வேறு காடு,
வண்டி உறுமிக்கொண்டு நின்றது.
தட்டை நீட்டி,
"இன்னொண்ணு?" என்றான்.

கை நீட்டினேன்.