இடப்பக்கம் மேலே

நெல்பேட்டையில் உதுமான் கனி
ஒரே போடில் தலையைப் பிளந்து
மூளையைச் சிதறாமல் எடுப்பார்.
"கறிக்கா, காலேசுக்கா?"
காலேசுக்கு என்றால் ஐஸ் கூடுதல்.
விலை அதேதான்.

ஃபார்மலினில் பதினெட்டு நாள்.
பிறகு மெழுகு, பிறகு சீவல், ஊதாச் சாயம்.
அறுநூற்றுப் பதினொரு கண்ணாடித் தகடுகள்.
இப்போது அந்த ஆடு
நாகமலை தெரியும் ஜன்னலோரம்
நாற்பது ஜிபி.

என் வேலை எல்லை போடுவது.
சிறுமூளைக்கு மஞ்சள், தலாமஸுக்குப் பச்சை,
மோப்பக் குமிழுக்கு ஆரஞ்சு.
(சுவரொட்டி தின்று வளர்ந்த ஆடாக இருக்கலாம்.
மைதாப் பசையின் வாசனை
இந்த ஆரஞ்சுக்குள் எங்கேயோ.
அதற்கு நிறம் கேட்கவில்லை யாரும்.)

ஐம்பது தகடு நான் வரைந்து காட்டினால்
மிச்சத்தை நிரல் தானே வரையும்.
ராத்திரி ஓடவிட்டுப் போனேன்.
காலையில் திரையில் முழு மூளை,
ஈரமில்லாமல், ஈ மொய்க்காமல்,
சுழற்றினால் சுழன்றது.

இடப்பக்கம் மேலே ஒரு பள்ளம்.
நேராக.
ஆட்டு மூளையில் எதுவும் நேராகப் போவதில்லை,
எல்லாம் வைகை மணலில்
தண்ணீர் வற்றிய தடம் மாதிரி.
நிரல் அதை மடிப்பு என்று சொல்லி
நீலம் அடித்திருந்தது,
தொண்ணூற்றேழு சதவீத உறுதியோடு.

தகடு தகடாகப் பின்னால் போனேன்.
213-இல் ஓரத்துச் செல்கள் நசுங்கிக் கிடந்தன.
கத்தி.
அன்றைக்கு ஒரு நூல் ஆழம் கூடிவிட்டது.

"அழிச்சிடு. பக்கத்துத் தகட்டை வச்சு நிரப்பு,
முதல் வருசப் பிள்ளைங்க குழம்பிடும்"
என்றார் ரூபி மேடம்.
நியாயம்தான்.
நிரப்பினேன். அழகாக வந்தது,
எந்த ஆட்டுக்கும் இல்லாத அழகு.

கன்ட்ரோல் இசட்.

நீலத்தை எடுத்துவிட்டுப்
புது அடுக்கு ஒன்று திறந்தேன்.
நிறம் கருப்பு. பெயர்: கத்தி.
வேண்டாதவர்கள் ஒரு சொடுக்கில் மறைத்துக்கொள்ளலாம்.
மறைத்தாலும் கீழே பள்ளம் இருக்கும்.

மேடம் வெகுநேரம் பார்த்தார்.
'கருப்பு தெரியல, சிவப்பு வை' என்றார்.

அடுத்த வியாழன் நெல்பேட்டை.
"போன தடவை சரியா இருந்துச்சா?"
"லேசா வெட்டுப்பட்டிருந்துச்சுண்ணே."
கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தார்.
"எந்த இடம்?"

கடை நிறைய ஆள்.
என் தலையில்
தொட்டுக் காட்டினேன்.