ஏழு கிலோ

புள்ளிவிபரவியல் கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
லொம்பொக் என்று எழுதி
கீழே இரண்டு கோடு இழுத்தாள் றிஸ்வியா.
வந்தாறுமூலை விடுதி, இரவு பத்தரை.
மின்விசிறி தான் சுற்றுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

விமானம்: கோலாலம்பூரில் பதினொரு மணிநேரம் குந்தியிருந்தால்
பதினெட்டாயிரம் குறைவு.
"பஸ்ஸுக்கு நிக்காத நிப்பா?" என்றாள் கிஷோபனா.
அறை: எட்டுக் கட்டில் போட்ட அறையில் மூன்று கட்டில்.
இப்போது மட்டும் எப்படிப் படுக்கிறோமாம்.
சாப்பாடு: நாளுக்கு இரண்டு நேரம்.
மூன்றாவது நேரத்துக்கு மாரி பிஸ்கட்,
இங்கிருந்தே.

விசாவுக்கு வங்கியில் பணம் கிடக்கவேண்டுமாம்.
காட்டுவதற்கு இருப்பது ஒரே ஒன்றரை லட்சம்,
றிஸ்வியாவின் உம்மா சீட்டில் எடுத்தது.
திங்கள் அது அவள் கணக்கில் படுக்கும்
புதன் என் கணக்கில் புரளும்
வெள்ளி கிஷோபனாவிடம் போய் எழும்பும்.
மகாபொல வந்தால் பாஸ்போட்.
வராவிட்டால்,
வந்த பிறகு பாஸ்போட்.

கைப்பை ஏழு கிலோவைத் தாண்டினால் தண்டம்.
தராசுக்கு எங்கே போவது?
நாவலடியில் கிஷோபனாவின் மாமாவுக்கு மீன்வாடி.
விடிய ஐந்தரைக்கு
சுறா இறங்கி, பாரை ஏறுமுன்
என் வெறும் பையைத் தட்டில் வைத்தார்.
ஒன்று தொள்ளாயிரம்.
"கிலோ என்ன விலை புள்ள?" என்று யாரோ கேட்க
வாடி முழுக்கச் சிரித்தது.
அன்று தொட்டு
விடுதிப் பூனைகள் என் பையோடு ஒட்டு.

அம்மாவிடம் படம் காட்டினேன்.
கைபேசியைத் தூரப் பிடித்தா, கிட்டப் பிடித்தா.
"கடல். தென்னை. வெயில்" என்றா.
"மறுகா?"
எரிமலை ஒண்டும் இரிக்கு என்றேன்.
"அதுக்கா இவ்வளவு காசு?"

சனி ஞாயிறுகளில் கல்லடித் தங்குவிடுதியின் முன்மேசை எனக்கு.
நாளுக்கு ஆயிரத்தைந்நூறு, பகல் சோறு.
வைகாசி வெயிலில் தோள் உரிந்து வந்தாள் அக்னியெஷ்கா,
போலந்து, கட்டடக்கலை, மூன்றாம் வருடம்.
வாய்க்குள் நுழைந்த அளவுக்கு
நாங்கள் அக்னி என்றோம்.

அவள் குளிக்கப் போனபோது
மேசையில் கொப்பி திறந்து கிடந்தது.
பார்க்கக் கூடாது.
பார்த்தேன்.
மொழி தெரியாது, இலக்கம் தெரியும்.
அவர்கள் எழுத்தில் மட்டக்களப்பு,
கீழே இரண்டு கோடு.
பஸ் இவ்வளவு, கட்டில் இவ்வளவு.
ஒரு கொத்துறொட்டி, அதை இரண்டாய்ப் பிரித்து ஒரு கீறு:
பாதி இரவுக்கு, பாதி காலைக்கு.
பிறகு ஒரு மீன் வரைந்து
அதன் வாயருகே இசைக்குறி வைத்து
எதிரே பூச்சியம்.
கடைசி வரி, ஆட்டோ:
ரயில் நிலையத்திலிருந்து இங்கே, இரண்டாயிரத்து நானூறு.

வயிறு எரிந்தது எனக்கு.
தலை துவட்டிக்கொண்டு வந்தவளிடம் சொன்னேன்,
அதில் அரைவாசி கூட இல்லை, ஏமாந்துவிட்டாய்.
"தெரியும்" என்றாள். "மழை பெய்தது. ராத்திரி."
பென்சிலை எடுத்து
அந்தத் தொகைக்குப் பக்கத்தில் ஒரு குடை கீறினாள்.

எங்கள் ஏழு கிலோவைச் சொன்னேன்.
சிரிக்கவில்லை. தொழில் ரகசியம் போலக் குனிந்து,
"கனமானதையெல்லாம் உடுத்திக்கொள்,
உடம்பை யாரும் நிறுப்பதில்லை."
"என்ர அபாயாக்குள்ள ரெண்டு கிலோ போகும்"
என்று அன்றிரவே கணக்கைத் திருத்தினாள் றிஸ்வியா.

இன்னும் முப்பத்தெட்டாயிரம் குறைகிறது.
ஆவணியிலா மார்கழியிலா, தெரியாது.
ஆனால் லொம்பொக்கிலும்
சனி ஞாயிறுகளில் ஒருத்தி முன்மேசையில் இருப்பாள்.
கொப்பியை மூடிவைக்க மறக்கக்கூடாது.
இல்லை, திறந்தே வைப்போமா?
அவளுடைய எதற்கு எதிரே
நாங்கள் பூச்சியம் போட்டோம் என்று
அவளும் ஒருக்கால் பார்க்கட்டும்.